கட்டிடமும் கரண்டும்

சிலர் ஒரு ஆளைப் பார்த்ததும் முகத்தைக் கவனிப்பார்கள். சிலர் செருப்பைக் கவனிப்பார்கள். அவர் விரலைக் கவனிப்பார். அதிலும் இரண்டே விரல்கள்தான், ஆள்காட்டி விரலும் மோதிர விரலும். இரண்டில் எது நீளம் என்று தெரிந்துவிட்டால் அந்த ஆளைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

பம்பாய் செம்பூரில் எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் ஹார்மோன் மாமா. அசல் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருந்தது. கூரியர்காரர்களைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

அப்பா அம்பர்நாத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நாங்கள் செம்பூருக்குக் குடிவந்தோம். சாமான் இறக்கிக்கொண்டிருந்த அன்றுதான் அவரை முதலில் பார்த்தேன். எதிர் வீட்டிலிருந்து, தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிவிட்டுப் போக வந்தார். நான் வாளியும் கையுமாக நின்றிருந்தேன். என் கையைப் பார்த்ததும் தண்ணீரை மறந்துவிட்டார்.

"கையை நீட்டு, பாக்கலாம்."

உள்ளங்கையை நீட்டினேன்.

"ரேகை வேண்டாம். அதெல்லாம் மூடநம்பிக்கை. திருப்பு."

திருப்பினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் பேசினார்.

"மோதிர விரல்தான் நீளம். கர்ப்பத்துல இருக்கச்சே உங்க பொண்ணுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் தூக்கலாக் கெடைச்சிருக்கு. ஆம்பளை ஹார்மோன். மூளையில பதிஞ்சிருக்கும். கணக்கு நன்னா வரும், வழி மறக்காது, வாய் நீளும். சமையல் பக்கம் மட்டும் எதிர்பாக்காதேங்கோ."

அம்மா திருநெல்வேலிப் பக்கத்து மனுஷி. அறிமுகமே இல்லாத ஒரு ஆண்பிள்ளை வாசலில் நின்று கர்ப்பத்தைப் பற்றிப் பேசியதில் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் பிள்ளை விஷயம் அல்லவா, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இப்ப என்ன சார் செய்யணும்? சாப்பாட்டுல எதையும் கொறைக்கணுமா?"

"இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லை. கட்டிடம் கட்டி முடிச்சாச்சு."

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணியவள் நான். வழி விஷயம் அதைவிட மோசம். குர்லா ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறங்குவது என்று இன்றைக்கும் ஒரு நிமிஷம் நின்று யோசிக்கிறேன். வாய் பற்றி அவர் சொன்னது மட்டும் சரி.

அந்தக் கட்டிட விவகாரத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். "ரெண்டு தடவை வேலை நடக்கறது, கேட்டுக்கோ" என்று ஆரம்பிப்பார். முதல் தடவை கர்ப்பத்துக்குள்ளே. அப்போதே ஹார்மோன் வந்து மூளையை ஒரு தினுசாகக் கட்டிவிட்டுப் போய்விடுகிறது. அது பில்டர் வேலை. சுவர் எங்கே, ஜன்னல் எங்கே என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். அப்புறம் சில வருஷம் வீடு பூட்டிக் கிடக்கும். வயசுக்கு வரும்போது ஹார்மோன் மறுபடி வரும். அது கரண்ட் கனெக்‌ஷன். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், மோட்டார் ஓடும்.

"கோவம், ஆசை, வீம்பு, எல்லாம் அந்த மீட்டர்ல ஓடறதுதான். மனுஷா என்னமோ நான் நான்னு சொல்லிண்டு திரியறா" என்று முடிப்பார்.

இத்தனையும் சொல்ல அவருக்கு இரண்டு நிமிஷம் போதும். அது தொழில் தந்த பழக்கம். ஹார்மோன் மருந்து விற்கும் ஒரு கம்பெனியில் அவர் ரெப்பாக இருந்தார். ஒரு நோயாளி வெளியே போய் அடுத்த நோயாளி உள்ளே வருவதற்குள் இருக்கும் இடைவெளிதான் டாக்டர்கள் ரெப்புக்குக் கொடுக்கும் நேரம். அதற்குள் பளபளப்பான ஒரு கோப்பைத் திறந்து, சிரிக்கும் குடும்பத்தின் படம், ஏறி இறங்கும் ஒரு வரைபடம், மருந்தின் பெருமை எல்லாவற்றையும் புரட்டிக் காட்டிவிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் பக்கவிளைவுகள் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கட்டைவிரலால் பாதி மறைத்தபடி திருப்புவது ஒரு கலை என்று பெருமையாகச் சொல்வார். "லேசானதுதான் டாக்டர், சொல்லிண்டே திருப்பிடணும்."

வீட்டிலும் அதே இரண்டு நிமிஷம்தான். பால்காரனுக்கு, வாட்ச்மேனுக்கு, இஸ்திரிக்காரருக்கு, எல்லோருக்கும் கோப்பு இல்லாத குறையாக விளக்கம். கட்டிடத்துச் சொசைட்டி மீட்டிங்கில் ஒருமுறை செகரெட்டரியும் பொருளாளரும் பார்க்கிங் இடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் நிலைக்குப் போய்விட்டார்கள். இவர் எழுந்து, வசந்தகாலத்தில் ஆண் பறவைக்கு மூளையில் பாட்டுக்கான இடமே பெரிதாகிவிடுகிறது, பாடாத பெண் கேனரிக் குருவிக்கு அந்த ஹார்மோனைக் கொடுத்தால் அதுவும் பாட ஆரம்பித்துவிடும் என்று தன் பம்பாய் ஹிந்தியில் எடுத்துச் சொன்னார். ஆகவே இந்த இருவர் மேலும் தப்பில்லையாம். பறவை எங்கிருந்து வந்தது என்று புரியாமல் இருவரும் சண்டையை நிறுத்திவிட்டார்கள். பார்க்கிங் பிரச்னை அப்படியே இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் பொய் என்றால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். பறவை விஷயம் நிஜம்தான். ஒருநாள் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவிடம் விரல் கதையைக் கேட்டேன். "பெரிய கூட்டத்தை வெச்சு சராசரி பார்த்தா லேசா ஏதோ தெரியலாம். ஒரு ஆளோட விரலைப் பார்த்து ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றார். வந்து மாமாவிடம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த டாக்டருக்கு மோதிர விரல் எப்படி?" என்றார்.

ஜாதகம், ஜோசியம் என்றால் அவருக்கு ஆகாது. மாமி நாள் பார்த்தாலே கிண்டல் செய்வார். ஆனால் எங்கள் கட்டிடத்துத் தமிழ் வீடுகளில் கொஞ்ச நாளில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வரன் வந்தால் முதலில் ஜோசியர், அடுத்து எங்கள் எதிர் வீடு. ஜோசியருக்கு ஜாதகம் வேண்டும். இவருக்குக் கை வேண்டும். மாப்பிள்ளைப் பையன் நேரில் வராத கேஸ்களுக்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

அப்படித்தான் எனக்கு வந்த முதல் வரனின்போது, அம்மா டோம்பிவிலிக்குப் போன் செய்து பையனின் தாயாரிடம் கூசாமல் கேட்டாள். "ஜாதகத்தோட உங்க மவன் கையையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்க. ரெண்டு பக்கமும் வேண்டாம், ஒரு பக்கம் போதும்."

வந்தது. ஆபீஸ் மிஷினில் கையை வைத்து எடுத்த ஜெராக்ஸ். வாட்ச் பட்டையும் ராசிக்கல் மோதிரமும்கூடத் தெளிவாக விழுந்திருந்தன. மாமா ஸ்கேலை வைத்து அளந்தார். ஆள்காட்டி விரல் ஒரு நூல் அதிகம்.

"சாது. சொன்னதைக் கேப்பான். ஆனா இவளுக்குத் தாங்கமாட்டான்."

"சொன்னதைக் கேட்டா நல்லதுதான சார்?" என்றாள் அம்மா.

உள்ளேயிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது. "கண்ணாடியில அழுத்தி வெச்சா எல்லா விரலும் நீளந்தான்."

அந்த வரன் முடியவில்லை. விரலினால் அல்ல. அந்தச் சாதுப் பையன் தன் ஆபீஸிலேயே ஒரு பெண்ணை ரொம்ப நாளாக விரும்பிக்கொண்டிருந்தான். அதைத் தாயார் காதுக்கு எட்டாமல் காப்பாற்றியும் வந்திருக்கிறான். செய்தி தெரிந்ததும் நான் சந்தோஷமாக எதிர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மாமா துளிகூட அசரவில்லை. "பாத்தியா, இத்தனை நாள் வாயைத் திறக்கலை. சாதுன்னேனா இல்லையா?"

அதே ரகம்தான் என் சமையல் விஷயமும். சமையல் வராது என்று தீர்ப்பான நான் இரண்டு வேலை மாறி, எதுவும் ஒட்டாமல், கடைசியில் வீட்டிலிருந்தே கேட்டரிங் தொடங்கினேன். வளைகாப்பு, சஷ்டியப்தபூர்த்தி, ஆபீஸ் பூஜை என்று ஆர்டர் பிடித்தேன். முதல் ஆர்டரின் வத்தக்குழம்பை ஒரு டப்பாவில் அடைத்து, வேண்டுமென்றே அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். ருசித்துச் சாப்பிட்டார். மோர் சாதத்துக்கும் தொட்டுக்கொண்டார்.

"பேஷ். தனியா பிசினஸ் ஆரம்பிக்கற துணிச்சல் யாருக்கு வரும்? எல்லாம் அந்த டெஸ்டோஸ்டிரோன்."

இப்படிப்பட்ட ஆளிடம் தோற்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் மாமி அவரோடு ஒரே வீட்டில் இருந்தாளே.

மாமி கோபக்காரி என்றுதான் கட்டிடத்தில் பெயர். அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு, அது மாட்டுங்காவில் இருந்தது. கோயில் பக்கத்துத் தெருவில் முதல் மாடியில் ஒரு ரூம். பம்பாயில் பகடி ரூம் என்றால் கிட்டத்தட்டச் சொந்த வீடுதான், வாடகை என்று பேருக்கு ஏதோ கொடுத்தால் போதும். மாமியின் அப்பா இருந்த ரூம் அது. அவருக்கு ஒரே பெண். தனக்குப் பிறகு மகளுக்கு என்று நினைத்து, ஆண்பிள்ளை பேரில் இருந்தால்தான் பத்திரம் என்றும் நினைத்து, மாப்பிள்ளை பேருக்கு மாற்றி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மாமி அங்கே பிறந்து, அங்கேயே குடித்தனமும் செய்தவள். கீழே இறங்கினால் பூ, காய், கோயில். சாயங்காலம் பஜனை கோஷ்டி. அதில் முன்பாட்டு அவளுடையது.

ஒருநாள் மாமா ஒரு பெட்டி இனிப்போடு வந்தார். ரூமை வீட்டுக்காரரிடமே ஒரு தொகைக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, செம்பூரில் பெரிய பிளாட் வாங்கியாகிவிட்டது, லிஃப்ட் உண்டு என்றார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் குடிவருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நடந்தது இது. மாமி இனிப்பைத் தொடவில்லை. செம்பூரிலிருந்து மாட்டுங்கா போவதென்றால் குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி வேறு லைன் மாற வேண்டும். முழங்கால் வலியோடு சில நாள் போனாள், பிறகு பஜனையை விட்டுவிட்டாள். அவரைப் பார்த்தாலே எரிந்து விழ ஆரம்பித்தாள்.

மாமிக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயசு. மாமாவுக்கு வேறு என்ன வேண்டும்? கோப்பிலிருந்து வரைபடத்தை எடுத்து அவள் முன்னால் விரித்தார். ஈஸ்ட்ரோஜன் கோடு மலையிலிருந்து இறங்குவதுபோல இறங்கியது. அவள் நிற்கும் இடம் இது என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனசோடுதான் கட்டிடம் முழுக்கவும் சொல்லி வைத்தார்.

"மாமி ஏதாவது கடுசாப் பேசினா மனசுல வெச்சுக்காதேங்கோ. மெனோபாஸ். ரெண்டு வருஷத்துல தானா சரியாயிடும்."

அதற்குப் பிறகு மாமி யாரிடம் எதற்குக் கோபப்பட்டாலும் அவர்கள் ஒரு மாதிரி கனிவாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். எடையில் கைவைத்த காய்கறிக்காரன்கூட, அவள் கத்தியபோது, "கோயி பாத் நஹீ ஆன்டி" என்று, பரவாயில்லை என்பதுபோல், ஆறுதல் சொன்னான். எடையைச் சரிசெய்யவில்லை.

அவள் என் சமையலறையில் வந்து உட்காரத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். வேண்டாம் என்றாலும் காய் நறுக்கிக் கொடுப்பாள். ஒருநாள் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"உடம்பு எரியறது, தூக்கம் வரலை, நெஜந்தான். நான் இல்லேங்கலை. ஆனா எனக்குக் கோவம் வந்தா அது எனக்கு வந்த கோவம்டி. அவர்கிட்டயும் சொல்லிப் பாத்தாச்சு. எதுக்குன்னு கேக்க மாட்டேங்கறார். எங்கேர்ந்து வர்றதுன்னு மட்டும் சொல்றார்."

"கேட்டா என்ன சொல்வேள் மாமி?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்னு சொல்வேன். ஆமாம், கேட்டிருக்கணும்னு அவர் சொல்லணும். அவ்வளவுதான். ரூமைத் திருப்பியா கேக்கறேன்?"

இரண்டு வருஷம் ஆனது. கோபம் தீரவில்லை. மாமா கொஞ்சம் யோசித்து, "எல்லாருக்கும் ரெண்டுன்னு சொல்ல முடியாது. சில பேருக்கு அஞ்சு வருஷம்கூட ஆகும்" என்று கெடுவை நீட்டினார். ஐந்தும் ஆனது. பிறகு அவர் கெடு வைப்பதை நிறுத்திவிட்டார். அவள் எரிந்து விழுந்துகொண்டே அவருக்கு வேளாவேளைக்குக் காப்பி போட்டாள். அவர் குடித்துக்கொண்டே அவளை மன்னித்துவந்தார். அந்த மன்னிப்பைப் பார்க்கும்போதுதான் எனக்கே கை பரபரக்கும்.

ரிட்டயர் ஆன சில வருஷத்தில் அவருக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. பரவுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், அத்தோடு ஊசி. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதை அறவே நிறுத்திவிடும் ஊசி. அந்த நோய் அதைத் தின்றுதான் வளர்கிறதாம். ரெண்டு வருஷம் போட வேண்டும் என்றார் டாக்டர்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த ஊசியை அந்த டாக்டருக்கு அறிமுகம் செய்து வைத்ததே இவர்தான். அதே கோப்பின் புது அச்சு இப்போது டாக்டர் மேஜையில் இருந்தது. மாமாவே கேட்டு வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். உடம்பில் திடீர் வெப்பம், வியர்வை, மனநிலை மாற்றம், காரணமில்லாத அழுகை. பொடி எழுத்தை நிதானமாகப் படித்தார். கட்டைவிரல் எதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் ஊசி வேண்டாம் என்றுவிட்டார். டாக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த மகன் போனில் கெஞ்சினான், அதற்கும் மசியவில்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது. "நீ வந்து பக்கத்துல நில்லு. உன் முன்னாடி கத்தமாட்டார்" என்று மாமி என்னை அழைத்துப் போனாள்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு சின்ன ஆள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"மீட்டரையே பிடுங்கிண்டு போயிடுவா. அப்புறம் உள்ளே என்ன இருக்கும்? ஊசி போட்டுண்டு உக்காந்திருக்கறவன் நானா இருப்பேனா, வேற யாரோவா?"

அவர் நடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க ஊருக்குச் சொன்னதை அவர் மனசார நம்பியிருந்தார். அதுதான் அவரைக் கொல்லப் பார்த்தது.

மாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டிடம் இருக்குமோல்லியோ?"

"அது இருக்கும். அது கர்ப்பத்துலயே கட்டினது."

"அப்ப சரி. கரண்ட் போனா மெழுகுவத்தி ஏத்திண்டாப் போறது. மாட்டுங்கா ரூம்ல நான் ஏத்தலையா? செருப்பைப் போட்டுக்கோங்கோ."

போட்டுக்கொண்டார். மாமி அவரிடம் கோபமே தெரியாமல் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

ஊசி வேலை செய்ய ஆரம்பித்தது. ஏசி ஓடும் அறையில் திடீரென்று சட்டையைக் கழற்றிப் போடுவார், அடுத்த நிமிஷம் போர்வை கேட்பார். மாமிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கழுத்துக்குப் பின்னால் ஈரத் துண்டு, பருத்தி பனியன், கொதிக்கக் கொதிக்கக் காப்பி கூடாது, மேஜை ஃபேன் அவர் பக்கம். அவளுக்கு இதெல்லாம் வந்தபோது அவர் வரைபடம்தான் காட்டினார். துண்டைப் பற்றி அவள் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதை அவள் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் மாமாவுக்கு அது சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊசியைப் பற்றிக் கட்டிடத்தில் எல்லோருக்கும் அவரே சொல்லிவிட்டார். வாட்ச்மேனுக்கு இரண்டு நிமிஷம், இஸ்திரிக்காரருக்கு இரண்டு நிமிஷம். சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அதன் பலனை லிஃப்ட் விஷயத்தில் அனுபவித்தார்.

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு மேலே போகும்போது ஒரு குலுக்கு குலுக்கி நின்று பிறகு போகும். மாமா மீட்டிங்கில் எழுந்து இது ஆபத்து, உடனே பார்க்க வேண்டும் என்றார். யாரும் காது கொடுக்கவில்லை என்றதும் மேஜையைத் தட்டிக் கத்தினார். செகரெட்டரி எழுந்து வந்து தோளைத் தொட்டு, "அங்கிள், டென்ஷன் மத் லோ. இன்ஜெக்‌ஷன் கா அசர் ஹை" என்றார். டென்ஷன் வேண்டாம், எல்லாம் ஊசியின் வேலை என்று அர்த்தம். சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கனிவாகத் தலையாட்டினார்கள். எல்லோருமே அவரிடம் பாடம் படித்தவர்கள். அடுத்த வாரம் அதே லிஃப்டில் செகரெட்டரி தன் மாமியாரோடு மாட்டிக்கொண்டார் என்பது தனிக் கதை.

மீட்டிங்கிலிருந்து மாமா நேராக என் சமையலறைக்கு வந்தார். மாமி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் குலுங்கறதுன்னா லிஃப்டைன்னா போய்ப் பாக்கணும்? என்னைப் பாக்கறான். எதுக்குக் கத்தறேன்னு கேக்க ஒருத்தன் இல்லை. எங்கேர்ந்து வர்றதுன்னு மட்டும்..."

பாதியில் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி நிமிரவில்லை. கத்தி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் நான் போட்ட காப்பியைக் குடிக்காமல் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு சில மாதம் கழித்து எனக்கு ஒரு வளைகாப்பு ஆர்டர் வந்தது. வாழை இலையும் பூவும் மாட்டுங்காவில்தான் வாங்குவேன். டாக்சியில் இடம் இருந்ததால் மாமியைக் கூப்பிட்டேன். மாமாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தத் தெருவுக்கு அவர் வருஷக்கணக்காக வந்ததில்லை.

பழைய கட்டிடத்தை இடித்திருந்தார்கள். சுற்றிலும் நீலத் தகரம் அடித்து, டவர் வரப்போகும் படம் ஒட்டியிருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டிடத்தோடு ஒட்டிய சுவர் மட்டும் இன்னும் நின்றது. முதல் மாடி உயரத்தில் அதில் ஒரு சதுரம் பச்சையாக இருந்தது. மாமியின் சமையலறைச் சுவர். அந்தப் பச்சையை அவள்தான் கேட்டு அடித்துக்கொண்டாளாம். காலண்டர் மாட்டும் ஆணிகூட அப்படியே இருந்தது.

மாமி ஒருதரம் பார்த்துவிட்டுப் பூக்கடைக்குத் திரும்பிவிட்டாள். அவள் முன்பே வந்து பார்த்திருப்பாள் போல. மாமா தலையைத் தூக்கியபடியே நடைபாதையில் நின்றார். தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே அழ ஆரம்பித்தார். இலைக்கட்டுத் தூக்கிப் போனவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

பூக்காரம்மா தாராவியிலிருந்து வருகிறவள், எங்கள் ஊர்ப்பக்கம். கட்டிக்கொண்டிருந்த சரத்தை வைத்துவிட்டாள். "அய்யாவுக்கு என்னம்மா செய்யுது? தண்ணி தரட்டா?"

"ஒண்ணுமில்லை, ஊசி போட்டுண்டிருக்கார். அப்பப்போ இப்படி வரும்" என்றாள் மாமி. கேலியாகச் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஊசி இல்லைடி" என்றார் மாமா. மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அழுகை வந்தா அது எனக்கு வந்த அழுகை. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம கொடுத்துட்டேன்."

மாமி கையில் இருந்த மல்லிகைச் சரம் முழம் போட்டபடி பாதியில் நின்றது. இத்தனை வருஷமாக அவள் கேட்டதெல்லாம் இந்த ஒரு வாக்கியம்தான். அது வரும்போது அவள் என்ன செய்வாள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அழுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷத்துல தானா சரியாயிடும்" என்றாள்.

மாமா கைக்குட்டையைத் தேடி எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மீட்டரைப் பிடுங்கியாகிவிட்டது, கரண்ட் இல்லை, ஆனாலும் ஆள் மாறவில்லை.

"எல்லாருக்கும் ரெண்டுன்னு சொல்ல முடியாது" என்று திருத்தினார். "சில பேருக்கு அஞ்சு வருஷம்கூட ஆகும்."

"எனக்குப் பதினொண்ணு ஆச்சு" என்றாள் மாமி.

பூவை வாங்கி என் பையில் போட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்தாள்.